ருலனின் வண்டிக்கு ஒரு நல்ல படம்

பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். மூக்கை நோண்டுகிற பையனைக்கூட அரை நிமிடம் சிரித்தபடி உட்கார வைத்துவிடுவேன். ருலன் ஸ்டோக்ஸை மட்டும் என்னால் ஒரு படத்துக்குள் ஒழுங்காகக் கொண்டுவர முடிந்ததில்லை.

எங்கள் ஊரான மாக்னாவில் நாங்கள் இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. வீடுகளுக்குச் சூடான காற்று போகும் தகரக் குழாய் மாட்டுவது அவன் தொழில். மிச்ச நேரமெல்லாம் கொட்டகையில் ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளோடு குடித்தனம். ஆகஸ்ட் வந்தால் அதை ஏற்றிக்கொண்டு, வேகப் பந்தயம் நடக்கிற பானவில் உப்பு வெளிக்குக் கிளம்புவான். கேமராவைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். அவன் வண்டியின் பிரிவில் யாரோ எப்போதோ போட்ட வேகத்தை முறியடிக்க வேண்டும், சாதனைப் புத்தகத்தில் தன் பெயர் வர வேண்டும். வாழ்க்கையில் அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மம் இல்லை அது. உப்பு வெள்ளை, வானம் பாதி வெள்ளை, இந்த மகராசன் வண்டிக்கும் வெள்ளையே அடித்து வைத்திருந்தான்.

"சிவப்பு அடிடா, படத்துல தெரியும்" என்று தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன்.

"வெள்ளைதான் வெயிலுக்கு நல்லது ட்வைலா. படத்துக்காகவா ஓட்டறேன்?" என்பான்.

பந்தயப் பாதைக்குப் பக்கத்தில் எங்களை அண்டவிட மாட்டார்கள். கால் மைல் தள்ளி நின்று, கானல் நெளிய நெளிய, கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற வெள்ளைப் பொட்டைப் பிடிக்க வேண்டும். வெயில் மேலே இருந்து மட்டுமா அடிக்கிறது? உப்பில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். மூக்குத் துவாரத்துக்குள் களிம்பைத் தடவிக்கொண்டு நிற்பேன். வருடா வருடம் கிடைத்ததெல்லாம் ஒரு கறை.

இந்த வருடம் அவன் மனைவி நொரீன் கறாராகச் சொல்லிவிட்டாள். "முழங்கால் ரெண்டும் போச்சு, இன்னும் என்ன வீராப்பு? இதோட வண்டிய வித்துடணும்." அவனும் தலையாட்டிவிட்டான். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு.

முதல் ஓட்டத்திலேயே பழைய வேகத்தைத் தாண்டிவிட்டான். என் கார் ரேடியோவில் அதை அறிவித்தபோது நான் உப்பில் குதித்தேன். ஆனால் ஒரு ஓட்டம் போதாது. மறுநாள் காலையில் இன்னொரு முறை ஓட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. அதுவரை வண்டி அதிகாரிகள் கயிறு கட்டிய அடைப்புக்குள் நிற்கும். எரிபொருளில் யாரும் எதையும் கலக்காமல் இருக்க, டாங்க் மூடியில் அவர்களே கம்பி கட்டி முத்திரை போட்டிருப்பார்கள். அவிழ்ப்பதும் அவர்கள்தான். வேறு யார் கை வைத்தாலும் ஓட்டம் செல்லாது.

அடைப்புக்குள் வண்டி ஒருவழியாக அசையாமல் நின்றது. விடுவேனா?

"டேய், இன்னிக்காவது ஒரு நல்ல படம் எடுத்துக்கறேன். கொஞ்சம் துடைச்சு வை. அங்கங்க கண்டது தொங்குது பாரு, குப்பை வண்டியாட்டம்" என்று சொல்லிவிட்டு வேறு லென்ஸ் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வண்டி பளபளவென்று இருந்தது. தலைகூடச் சீவியிருந்தான். எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை வருடத்தில் நான் எடுத்த ஒரே உருப்படியான படம்.

சற்று நேரத்தில் பரிசோதகர் கிரேடி வந்தார். டாங்கைக் குனிந்து பார்த்தார்.

"ருலன், முத்திரை எங்கப்பா?"

ருலன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து நீட்டினான். இன்னொரு கையில் தகரம் வெட்டுகிற கத்தரி.

"படத்துல அசிங்கமாத் தொங்குச்சு" என்றான்.

கிரேடி தொப்பியைக் கழற்றினார். "உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ எதையும் கலந்திருக்க மாட்ட. ஆனா நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"உங்க கடமையச் செய்யுங்க கிரேடி. தப்பு என்னுது."

நாங்கள் தங்கியிருந்த வெண்டோவர் விடுதிக்குப் போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே போனேன். "சிவப்பு அடின்னு சொன்னேன், கேட்கல. முழங்காலுக்கு டாக்டரைப் பாருன்னு சொன்னேன், கேட்கல. இன்னிக்கு மட்டும் எதுக்குடா கேட்டுத் தொலைச்ச?"

"நீதானே துடைக்கச் சொன்ன."

"துடைக்கச் சொன்னேன். அறுக்கச் சொன்னேனா?"

அவன் கத்தரியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றேன். கேட்டால்தானே? நான் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு வந்து பக்கத்தில் நின்றான். அங்கிருந்து அவன் ஓட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஓட்டுகிறவன் எப்படிப் பார்ப்பான்? யாரோ ஒருவனுடைய வண்டி வந்தது, போனது.

"அவ்வளவுதானா?" என்றான். "மேல உட்கார்ந்தா முடியவே முடியாத மாதிரி இருக்கும்."

"அவ்வளவுதான்."

"இங்கேருந்து எடுத்ததுல ஒண்ணுகூடத் தேறலியா?"

"ஒண்ணுகூட."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் வந்து இந்த வெயில்ல காஞ்ச?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ விழாமத் தாண்டிப் போறியான்னு பார்க்கத்தான்டா மடையா! நொரீன் பயந்துக்கிட்டு வர மாட்டேங்கறா. யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டாமா?"

அவன் என் கேமராப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நீ படத்துக்காக வர்றேன்னு நினைச்சேன்" என்றான். "கடைசி வருஷம், உனக்கு ஒண்ணாவது நல்லா அமையட்டுமேன்னுதான் அறுத்தேன்."