கண்வலி வந்த சாட்சி

மணலூர்பேட்டை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்கிறவர்கள் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் கள்ளக்குறிச்சி பஸ் அதன் முன்னால் நின்றுவிட்டது. டிரைவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். நான் எதிரே அஞ்சலையம்மாளின் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய பத்திரிகைப் படம். வெள்ளைக்காரன் காலத்துக் கொலை வழக்கு. கோர்ட்டு வாசலில் சாட்சிகள் நான்கு பேர் விறைப்பாக நிற்கிறார்கள். கடைசி ஆளின் கோட்டு முழங்கால்வரை தொங்குகிறது.

"அவரு எங்க வூட்டுக்காரரோட தாத்தா. கோட்டு மிராசுதாரோடது" என்கிறார் அஞ்சலையம்மாள்.

"கொலையைப் பார்த்தாருங்களா?"

"இன்னாத்த பாத்தாரு? அன்னிக்குக் கண்ணு வலி. பீளை கட்டிக்கினு வூட்லயே படுத்துக்கினு இருந்தாரு. குத்தகைக்காரன உள்ள தள்றதுக்கு மிராசுதாரு இவரப் பொய்சாட்சியா இட்டுக்கினு போனாரு. கூண்டுல ஏறினதும் பயத்துல கண்ணு வலிய அப்படியே சொல்லிட்டாரு. குத்தகைக்காரன வுட்டுட்டாங்க. எங்க குடும்பத்தத்தான் ஊர வுட்டுத் தொரத்துனாங்க. ஆனா அந்தக் கோட்ட அவரு திருப்பித் தரவே இல்லியாம்."

பெஞ்சின் மறுகோடியில் டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொள்கிறார். குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்கிறார்: "ஏம்மா, மரத்த வெட்டுனது யாரு? நீ பாத்தியா?"

அஞ்சலையம்மாள் டம்ளரைக் கழுவிக்கொண்டே பதில் சொல்கிறார். "வெட்டும்போது நீங்களும் இங்கதான குந்திக்கினு இருந்தீங்க. மொத சாட்சியா உங்க பேர எழுதிக்குங்க. ரெண்டாவதா நான் வரேன்."

போலீஸ்காரர் மரத்தைப் பார்க்கிறார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்காருகிறார்.

"இன்னொரு டீ குடும்மா. சக்கர கம்மியா."