ஊதாப் பூவுக்காக வளைந்த ரோடு

வேலைத்தளத்தில் எல்லாருக்கும் அவள் 'அளவைக்கா'. இருபது வருஷமாக நிலம் அளந்து, மனை பிரித்து, வரைபடம் போடுகிறவள். வெளியில் அவள் கோடு ஒரு விரற்கடை பிசகாது. வீட்டுச் சுவரில் அவள் அடித்த ஆணி ஒன்றுகூட நேராக நிற்காது என்பது கணவரின் புகார்.

ஆற்றோர நிலம் ஒன்றை மனைகளாகப் பிரிக்கும் வேலை வந்தது. குச்சி நடக் குனிந்தபோது, ஈர மணலில் நக அளவு ஊதாப் பூக்கள் தரையோடு படர்ந்திருந்தன. எத்தனையோ கரைகளை அளந்தவள், இதை எங்கும் பார்த்ததில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்தும் தங்கைக்குப் படம் அனுப்பினாள். அவள் மதியமே வந்து இறங்கிவிட்டாள்.

"அக்கா, இது இந்த ஆத்துக்கு மட்டுமே சொந்தமான செடி. பிடுங்கி வேற இடத்துல வச்சா பிழைக்காது. வெள்ளம் நனைச்சுட்டுப் போற மண்ணுதான் வேணும்."

"இங்கதான்டி பெரிய ரோடு வருது."

"ரோட்டைத் தள்ளிப் போடேன்."

"நரம்பில்லாத நாக்கு, என்ன வேணா பேசும்!"

திட்டினாளே தவிர, மூன்று நாள் மேசையை விட்டு எழவில்லை. விதிப்படி பூங்காவுக்கு விட வேண்டிய இடத்தை, வழியில்லாத பின்மூலையில் ஒதுக்கியிருந்தார் நில உரிமையாளர். அதை ஆற்றோரத்துக்கு இழுத்தாள். ரோட்டை வளைத்துப் பின்மூலைக்குக் கொண்டுபோனாள். மேடான அந்த மூலையில் மனைகள் பாங்காக உட்கார்ந்தன.

உரிமையாளர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, ஒரு பூவுக்காகவா ரோடு வளையுது?"

"பூவுக்காகத்தான் சார், பொய் சொல்லல. ஆனா போன மழையில அந்த ஆத்தோரத்துல இடுப்பளவு தண்ணி. பூவுக்கு வெள்ளம் பிடிக்கும், வீடு கட்டுறவங்களுக்குப் பிடிக்குமா?"

"மனை குறையுதா?"

"ஒண்ணுகூட குறையல."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கையெழுத்துப் போட்டார்.

செடிகளைச் சுற்றிக் கயிறு கட்டியும், ரோடு வேலை தொடங்கிய முதல் நாளே ஒரு லாரி அவற்றின் ஓரமாக ஜல்லியைக் கொட்டிவிட்டது. அக்காவும் தங்கையும் கூடையில் அள்ளினார்கள். லாரி டிரைவர், "தெரியாம நடந்துபோச்சுக்கா" என்று தானும் குனிந்தார். நசுங்கிய செடிகளில் பாதிதான் தேறின.

மழை வந்தது, ஆறு ஏறி இறங்கியது. செடிகள் மறுபடி பூத்தபோது கணவரை அழைத்துப் போனாள்.

"இத்துனூண்டு பூவுக்கா மூணு நாள் சோறு தண்ணி மறந்தே?"

"ஆமா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பூக்களை மிதிக்காமல் மணலில் இடம் பார்த்து உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டாள்.