மடித்து மாட்டிய கல்யாணப் படம்

நாகராஜ் எனக்குப் பழக்கமானதே சாகிறவனாகத்தான். பகலெல்லாம் சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவான். சாயங்காலம் குளித்துவிட்டு மயிலாப்பூருக்கு சைக்கிள் மிதித்து வந்து, சபா மேடையில் என் மடியில் செத்துப்போவான். நான் வேம்பு. டெலிபோன் ஆபீஸ் வேலை, சாயங்காலமானால் அம்மா வேஷம்.

நாடகம் கம்பெனிக் காலத்துப் பழசு. தன் பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கவேண்டும் என்று ராணி கிணற்றில் விஷம் கலப்பாள். எதிரி குடிக்கவேண்டிய தண்ணீரை, தாகத்தோடு வந்த அவள் பிள்ளையே குடித்துவிடுவான். நான் மாரில் அடித்துக்கொண்டு அழ, திரை விழும். மறுபடி ஏறும்போது செத்தவன் எழுந்து கைகூப்பி நிற்பான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவன் பெண்டாட்டி ஷீலாவுக்கு அப்போதுதான் மூச்சு வரும்.

அதே நாடகம் வானொலிக்குப் போனது. கிணறு வெறும் தண்ணீர்ச் சத்தமாகவும் சாவு ஒரு விக்கலாகவும் சுருங்கிவிட்டன. ஒலிபரப்பின்போது ஷீலா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாளாம். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி.

கேபிள் டிவி வந்த புதிதில் ஸ்ரீநாத் என்ற டைரக்டர் அதை வாரத்தொடராக்கினான். அரண்மனைக்கு அடையாறில் ஒரு பங்களா, கிணற்றுக்கு மொட்டைமாடித் தொட்டி, பட்டத்துக்கு சொத்துப் பத்திரம். கண்றாவி! மேடையில் கடைசியில் சாகிறவனை இரண்டாவது வாரமே கொன்றுவிட்டான்.

"அப்பறம் வாராவாரம் நீங்க அவன் படத்தப் பாத்துப் புலம்பணும் மாமி. அதான் சீரியலே."

செத்த ஷாட் முடிந்ததும், சினிமாக்காரர்கள் வழக்கப்படி நாகராஜைக் காமிராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். தோஷம் கழிந்ததாம். ஆனால் உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, வாராவாரம் ஊருக்கே காட்டினால் அதற்கு என்ன கழிப்பு? யாருக்கும் தெரியவில்லை. படத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே நாகராஜ்தான்.

ஒருநாள் ஷீலா என் வீட்டுக்கு வந்தாள். நிறைமாதம் ஆகவில்லை, எட்டுதான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமி, டிவில அவரு படத்தப் பாத்தீங்களா? தோள்மேல ஒரு வெரலு தெரியுது. அது என் வெரலு மாமி."

"அசடு மாதிரி பேசாதே. வாயும் வயிறுமா இருக்கறவ கண்டதையும் நெனைக்கலாமா?" என்று அதட்டி, காபி கொடுத்து அனுப்பினேன். அவள் போனபிறகு எனக்கே என்னவோபோல் இருந்தது.

அடுத்த படப்பிடிப்பில் முதல் வேலையாக அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தோளில் மருதாணி வைத்த விரல்நுனி. பின் அட்டையைக் கழற்றினேன். படம் பாதியாக மடிந்திருந்தது. பின்பக்கம் கூறைப்புடவையில் ஷீலா, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வாரமும் ஒரே மாலை இரண்டு பேருக்கும் சேர்த்து விழுந்திருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்து நாகராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மாமி, அவளுக்கு நோவு கண்டுக்கிச்சு. நீங்க சொன்ன மந்தவெளி நர்சிங் ஹோம்ல சேத்துட்டேன். உள்ள போறப்ப, அந்தப் படத்த எறக்குன்னு என் சட்டையப் புடிச்சுக்கினு அழுவுறா."

"ஏண்டா பாவி, இதை மடிச்சா குடுத்தே?"

"கல்யாணப் படத்த வெட்டுனா ஆவாதுன்னு சொல்வாங்களே மாமி! அதான் மடிச்சு வெச்சேன்."

ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்பார்கள். அதை அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் படத்தை அவன் கையில் கொடுத்தேன். ஸ்ரீநாத் கத்தினான்.

"எறக்கி என்ன புண்ணியம்? இன்னும் நாலு வாரத்துக்கு எடுத்து வெச்சாச்சு! இன்னைக்கு சாயங்காலம்கூட அந்தப் படம்தான் வரும்!"

ஆட்டோவில் போகும்போது நாகராஜ் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "அவளுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல மாமி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கபாலீஸ்வரா, கபாலீஸ்வரா என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நர்சிங் ஹோம் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சீரியல் நேரம். நிறுத்தச் சொன்னால், காத்திருந்த பெண்கள் என்னைத் தொடரின் அம்மா என்று தெரிந்துகொண்டு சுற்றிக்கொண்டார்கள். "உங்க புள்ள செத்ததுக்கு நாங்க எப்படி அழுதோம் தெரியுமா?" என்றாள் ஒருத்தி. நாகராஜ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

நர்ஸ் வெளியே வந்தாள். "ஷீலா வீட்டுக்காரர் யாரு?" நான்தான் அவன் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

பெண் குழந்தை. கைக்குள் அடங்குகிற அளவுதான், பூனைக்குட்டிபோல முனகிக்கொண்டிருந்தது. "இன்னைக்கு ராத்திரி தாண்டணும்" என்றாள் நர்ஸ். ஷீலா குழந்தையைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்டி. இந்தா பாரு, கையிலியே கீது. இனிமே எங்கியும் வராது."

குரலில் நடுக்கமே இல்லை. அவள் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்து டிவியில், அதே படத்தின் முன்னால் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு நான் அழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.