முந்தியில் வைத்த மஞ்சள்

பேரனின் இடது கையில் கட்டைவிரலை ஒட்டி இன்னொரு குட்டிக் கட்டைவிரல். மொச்சைக்கொட்டை அளவுதான், அதிலும் ஒரு நகம்! எனக்கு அழகாகத்தான் பட்டது. என் மகளோ அந்தக் கைக்குக் காலுறை மாட்டிவிட்டாள். மாசமாக இருந்தபோது குடித்த இருமல் மருந்தால்தான் இப்படி ஆச்சு என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கத் திருச்செங்கோட்டிலிருந்து அவள் மாமியார் வருகிறார். அவர் கேட்டால் என்ன சொல்வது? அதுதான் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

சேலத்தில் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார். "விரலை வகுக்குற மரபணு நல்லாத்தான் இருக்கு. டிஎன்ஏ இழையில ரொம்பத் தொலைவுல, எந்தப் புரதமும் செய்யாத ஒரு சின்னத் துண்டு. அதுல ஒரு எழுத்து மாறியிருக்கு. அந்த மரபணு எங்க, எப்ப வேலை செய்யணும்னு சொல்றது அந்தத் துண்டுதான். மீன், கோழி, மனுஷன், எல்லாருக்கும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பஞ்சு மாதிரி இறகு வெச்ச கோழிக்குக் காலுல நாலுக்குப் பதிலா அஞ்சு விரல் வர்றதும் அதே துண்டாலதான்."

மீனுக்குமா! துடுப்பு விரித்த காலத்திலிருந்து யார் யாரோ பத்திரமாகக் கைமாற்றிய வரியா என் பேரன் கையில்? எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "அப்ப பாம்புக்கு?"

"அதுக்கு அந்தத் துண்டு சிதைஞ்சு போச்சுங்க, காலும் போச்சு." அவரும் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. ஊர் திரும்பும் ஜலகண்டாபுரம் பஸ்ஸில் கேட்டாள்: "அவ்வளவு தொலைவுல இருக்கறது எப்படிப்பா விரலுக்குச் சொல்லும்? என்னைத் தேத்தறதுக்குச் சொல்றாங்க."

வீடு வரும்வரை பரிசோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மனைவி கூடத்தில் ஒரு சேலையை விரித்துப்போட்டுக் காத்திருந்தாள். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றினால், நெய்து அறுக்கும் முதல் சேலையின் முந்தியில் மஞ்சள் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். "மஞ்சள் ஈரம் காயறதுக்குள்ள மடிச்சிட்டீங்களே! மறு கோடியில போய் ஒட்டிக் கெடக்குது பாருங்க. கவிதை எழுதற கையில சேலையைக் கொடுத்தா இப்படித்தான்."

பார்த்தேன். முந்தியில் ஒரு பொட்டு. கூடத்தின் அந்தக் கோடியில், சேலையின் மறுமுனையில், மங்கலாக இன்னொன்று. நடுவில் நெடுகக் கிளிப்பச்சை, கறையே இல்லாமல்.

"கண்ணு, இங்க வா!" என்று மகளைப் பார்த்துக் கத்தினேன். மடித்தேன். பொட்டின்மேல் பொட்டு வந்து உட்கார்ந்தது. "அந்த டிஎன்ஏ இழை நீட்டமா கிடக்கல. செல்லுக்குள்ள மடிஞ்சு மடிஞ்சு கிடக்குது. மடிச்சா கோடியில இருக்கறது பக்கத்துல வந்துரும். தொலைவே இல்ல!"

அவள் சேலையை வாங்கிப் பிரித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்துப் பார்த்தாள். "அப்ப நான் குடிச்சது?"

"அது இருமலுக்குப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை மாமியார் பேரனைத் தூக்கியதும் கேட்டார். "ஏஞ்சாமி, கைக்கு எதுக்குக் காலுறை?"

மகளே கழற்றினாள்.

"மாசமா இருக்கையில ஏதாச்சும்..."

"நான் எதுவும் பண்ணலீங்க அத்தை." சேலையை எடுத்து அவர் காலடியில் விரித்தாள்.

அந்தம்மா பொட்டுகளைப் பார்த்தார். "ஈரத்தோட ஆருங்க மடிச்சது?"

மனைவி என்னைக் கைகாட்டினாள். கூடம் சிரித்து முடிப்பதற்குள் மகள் மடித்துக் காட்டி, டாக்டரம்மா சொன்னதைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்தம்மா கேட்டுக்கொண்டே விரலை நீட்ட, பேரன் அதைப் பற்றினான், இருக்கிற விரல் எல்லாவற்றாலும்.

"அட, என்னமா புடிக்கறான் பாருங்க, சாமி!"