தொரை கல்லறைக்கு டைல்ஸ் ஒட்டிய கதை

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றியதும் குப்பென்று எழும் அந்தச் சூடான வாசனை... எனக்கு நவம்பர் மாதம் என்றாலே அதுதான்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அப்பா வாளியில் சுண்ணாம்பை நீற்றி, கொஞ்சம் நீலம் போட்டுக் கலக்குவார். அதைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலத்தில் கருவேப்பிலங்குறிச்சி பஸ் ஏறுவோம். கண்டக்டர் வாளியைப் பார்த்து முறைப்பார். அப்பா கண்டுகொள்ளவே மாட்டார்.

அங்கே கல்லறைத் தோட்டத்தின் மூலையில்தான் எங்கள் குடும்பத்தின் முதல் ஆள் படுத்திருக்கிறார். அப்பாவுடைய தாத்தாவின் அப்பா. அயர்லாந்துக்காரர். ரயில் பாதை போடும் வேலைக்கு வந்தவர், வேலை முடிந்ததும் திரும்பிப் போகாமல் இங்கேயே நிலம் வாங்கிக் கரும்பும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டார். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். ஊர் அவரைத் தொரை என்றது. எங்களை இன்றைக்கும் தொரை வூடு என்கிறது. என் நிறத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்கூலில் அதை வைத்தே என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள்.

அவர் பெயர் பேட்ரிக் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். குடும்பப் பெயர் தெரியாது. நம் பக்கம் அப்பா பெயர்தானே இனிஷியல்... அவர் மகனுக்கு பேட்ரிக்கின் 'பி' வந்தது, பேரனுக்கு அதுவும் போய்விட்டது. குடும்பப் பெயரும், அவர் பிறந்த ஊரும் அந்தத் தலைக்கல்லில் மட்டும்தான் இங்கிலீஷில் வெட்டியிருந்தன.

ஆனால் படிக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பு எழுத்துக்குள் போய் இறுகிவிட்டது. விரலால் தடவினால் ஏதோ மேடு பள்ளம் தட்டுப்படும், அவ்வளவுதான். நான் ஆணியை எடுத்தால் அப்பா கையைத் தட்டிவிடுவார்.

"நோண்டாதம்மா, கல்லு பேந்துடும். உள்ள பத்திரமாத்தான் இருக்குது. எங்க போவப்போவுது?"

நானும் நம்பினேன்.

அப்பா தவறிச் சில வருஷம் கழித்து எனக்கு இந்த வேர் தேடும் பைத்தியம் பிடித்தது. அயர்லாந்தில் இதே வேலையாக இருக்கும் ஒரு அம்மா நெட்டில் பழக்கமானார். வெறும் பேட்ரிக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அங்கே தெருவுக்கு நாலு பேட்ரிக் இருப்பார்கள் என்றார். பங்குக் கோயிலில் விசாரித்தேன். அவ்வளவு பழைய பதிவேடு இங்கே கிடையாது என்றார் சாமியார்.

கல்லைப் பற்றிச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நன்றாக ஈரமாக்கி, மரக்குச்சியால் மெதுவாகச் சுண்ணாம்பை எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்து எழுந்து வரும் என்றார். இத்தனை சுலபமா என்று அன்றைக்கு அழுகையே வந்தது எனக்கு.

போன மாதம் லீவு போட்டு, சென்னையிலிருந்து வேப்பூரில் இறங்கி பஸ் மாறிப் போனேன். பையில் பிரஷ், டார்ச், தண்ணீர் பாட்டில்.

மூலையில் ஒரு பாத்ரூம் இருந்தது.

சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது. ரோஜாப்பூ போட்ட வெளிர்நீல டைல்ஸ், நாலு பக்கமும் வழவழவென்று. தலைமாட்டில் புதுசாக ஒரு கறுப்பு கிரானைட். யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பெரியப்பா மகன், என் அண்ணன், விருத்தாசலத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். போன் போட்டுப் பழைய கல் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா... அழுக்கு புடிச்சிக் கெடந்துதும்மா. கொத்தனாரு ஒடச்சி உள்ளயே போட்டு மட்டம் பண்ணிட்டாரு. தொரைக்கு ஒரு மரியாத செய்யணும்ல?"

"அதுலதாண்ணே அவரு பேரு இருந்துது."

"பேரு என்னாத்துக்கும்மா? தொரைன்னா ஊருக்கே தெரியுமே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் யாரைத் திட்டுவது? அவன் பாசமாகத்தான் செய்திருக்கிறான். அதுதான் இன்னும் எரிகிறது.

கிரானைட்டைப் படித்தேன். தொரை குடும்பத்தார் என்று கொட்டை எழுத்து. கீழே வரிசையாக அண்ணன், அண்ணி, பிள்ளைகள், மருமகள், துபாயில் இருக்கும் பேரன் வரை. என் பெயர் இல்லை, கட்டிக்கொடுத்த பெண்தானே. அது போகட்டும்.

அன்றைக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கல்லைத் தொடும்போது கை பயந்தது. இன்றைக்கு வீட்டில் எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள்... உடைப்பதற்கு முன்னால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அயர்லாந்து அம்மாவுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்த கிரானைட்டின் போட்டோவை மட்டும் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. தமிழ் எழுத்து ரொம்ப அழகாக இருக்கிறதாம். கல்லில் இத்தனை பெயர்களைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷமாம்.

இதில் பேட்ரிக்கின் பெயர் எது என்று கேட்டிருக்கிறார்.