ஆமைகள் லயத்தைக் கடந்த கதை

பெரியாயியை நல்லவள் என்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. பதுளைக்கு ரயில் வராத அந்தக் காலத்தில், ஹாலிஎலைக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்தில் அவளிடம் திட்டு வாங்காதவர் இல்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவள். கொழுந்து பறித்தே வளர்ந்தாள், புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தாள். மிச்சமிருந்த கோபத்தை, ஓடைக் குட்டையில் துணி துவைக்கும்போது அங்கிருந்த ஆமைகளிடம் கொட்டுவாள். எதிர்த்துப் பேசாமல் கேட்டவை அவை மட்டும்தான்.

ஓர் ஆவணியில் மழையே இல்லாமல் குட்டை சேறாகிவிட்டது. காகங்கள் ஆமைகளைச் சுற்றி உட்காரத் தொடங்கின. கீழே, தேயிலை ஆலையின் சக்கரத்துக்காகக் கட்டிய அணையில் மட்டும் தண்ணீர் நின்றது. பெரியாயி ஆமைகளைக் கொழுந்துக் கூடையில் அள்ளிக்கொண்டு புறப்பட்டாள்.

அணைக்கு வழி, தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தின் வாசலோடுதான். ஆமை வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய சனம் வழியை மறித்தது. நடுவில் கங்காணி அழகர் நின்றார்.

"திரும்பிப் போயிரு பெரியாயி. புள்ளகுட்டி இருக்கிற எடம்."

"தானா நடந்து வந்தாத்தானே குத்தம், கங்காணி ஐயா? நான் தூக்கிட்டுப் போனா அது சொமை. சொமைக்கு ஏதுங்க தோஷம்?"

வாதத்தில் ஓட்டை இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை. ஓர் ஆமையின் கால்கூடத் தரையில் படக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லி அழகர் வழிவிட்டார். இருட்டுவதற்குள் எல்லாம் அணையில் இறங்கிவிட்டன.

மறுநாள் காலையில் லயமே கூச்சல் போட்டது. ஆமைகள் பழைய குட்டையைத் தேடித் திரும்பி வந்துகொண்டிருந்தன, யாரும் தூக்காமல், சொந்தக் காலில். தண்ணீர் இருந்தால் போதும், அது தன் இடமாகிவிடும் என்று மனிதன்தான் நினைக்கிறான் போலும்.

பெரியாயி கொழுந்துக் கூடையோடு வெளியே வந்து பார்த்தாள். குட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் வெயிலில் காய்ந்து செத்துவிடும். அதற்குள் அழகர் ஓடிவந்தார். முன்னால் வந்த ஆமை அவர் வீட்டுப் படியில் மூக்கை வைத்திருந்தது.

"தூக்கு ஆத்தா, சுருக்காத் தூக்கு."

"பெரட்டுல பேரு கூப்புடுற நேரமாச்சுங்க. வேலைக்குப் போவேனா, ஆமை தூக்குவேனா? நீங்களுந்தான் தூக்குங்களேன்."

அன்று முதல் மழை பெய்யும்வரை, காலையில் கிளம்பி வந்த ஆமைகளை லயத்துக்காரர்களே பாதி வழியில் மடக்கி அணைக்குச் சுமந்தார்கள். அழகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைக்கொன்றாகத் தூக்கினார். ஒன்றுகூடச் சாகவில்லை. பெரியாயி ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை. மேலே கொழுந்து மலையில் நின்றபடி, ஆமையை யார் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.