பூந்தமல்லிக்கு வந்த பதில்

பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடும் எங்கள் கரிவாயு பஸ் பூந்தமல்லியில் நிற்கிறது. டிரைவர் இறங்கி பஸ்ஸின் பின்னால் உள்ள அடுப்பில் கரி போடுகிறார். ஹைதராபாத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் என் கையில் உருதுப் பத்திரிகை இருக்கிறது. அதைக் கண்டதும் பூ விற்கும் காதர் பாய் உருதுவில் வந்த ஒரு சர்க்கார் கடிதத்தை நீட்டுகிறார்.

“இஸ்கோல்ல எங்க பசங்களுக்கு உருதுல பாடம் நடத்துறாங்கோ. ஒண்ணும் புரில. தமிழ் வாத்தியார் கேட்டு மனு போட்டோம், பதில் வந்துகீது. அரபி எழுத்து மாதிரிதானே, குர்ஆன் ஓதுற பழக்கத்துல எழுத்துக் கூட்டிட்டோம், அர்த்தந்தான் தெரில. படி சாமி.”

படித்துச் சொல்கிறேன்: முஸ்லிம்களின் தாய்மொழி உருது என்பதால் தமிழ் வாத்தியார் தேவையில்லையாம்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பாய் அவரைக் கையமர்த்துகிறார்.

“இன்னொரு மனு எழுதிக் குடு சாமி. எங்களுக்கு உருது தெரியாதுன்னு, அவங்களுக்குப் புரியிற மாதிரி உருதுலயே எழுது.”